சும்மா இருக்கக் கற்றல்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி ஒலிக்கின்றது. அம்மணியோசைக்கு முன்னரே பிள்ளையின் நாள் நெடுந்தூரம் ஓடிவிடுகின்றது. இரவு கடலுக்குச் சென்ற தந்தை கரைசேர்ந்தாரோ இல்லையோ என்ற ஏக்கம் ஒரு வீட்டில். விடியுமுன் தனியார் வகுப்புக்குச் சென்று திரும்பிய களைப்பு மற்றொரு வீட்டில். வெளிநாட்டிற் பணிப்பெண்ணாக உழைக்குந் தாயின் தொலைபேசிக் குரல் வேறொரு வீட்டில். இவற்றையெல்லாம் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்து வந்த நாற்பது பிள்ளைகள் ஓரறையிற் கூடியவுடன் எழுகின்ற ஆரவாரம் இருக்கின்றதே, கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் ஓசையும் அதற்கு ஈடாகாது. ஆசிரியர் உள்ளே நுழைகின்றார். அடிமட்டத்தால் மேசையைத் தட்டுகின்றார். "சும்மா இருங்கள்!" என்கின்றார்.

நேயர்களே, இச்சொற்கள் சிந்தனைக்குரியவை. சைவஞானிகள் தாம் கண்ட மேலான நிலைக்குச் சூட்டிய பெயரும் இதுவே அன்றோ? 1964 ஆம் ஆண்டிற் சமாதியடைந்த யாழ்ப்பாணத்து யோகசுவாமிகள் தம்மை நாடி வந்தோர்க்குச் "சும்மா இரு" என்று உபதேசித்தமையை ஈழத்துச் சைவர் அறிவர். ஞானியின் வாயில் உபதேசமாக விளங்குஞ் சொல் ஆசிரியரின் வாயில் அதட்டலாகி விடுகின்றது. முன்னையது உள்ளத்தை நோக்கியது. பின்னையது வாயை மட்டும் நோக்கியது. வாய் மூடிய பின்னரும் பிள்ளையின் உள்ளம் கடற்கரையிலும் கடன்காரன் வந்து நின்ற படலையிலும் அலைந்துகொண்டுதான் இருக்கும். அந்த உள்ளத்துக்கு இருப்புக் கொள்ளக் கற்பிக்கும் பணி பாடசாலைக்கு உரியதா, உரியதெனின் அதனை எவ்வாறு செய்வது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

ஆங்கிலத்தில் 'மைண்ட்புல்னெஸ்' என வழங்கப்படுவதும், உலகெங்கும் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டு வருவதுமான பயிற்சி, இந்நேரத்தில் நிகழ்வதை நிகழ்கின்றபடியே, விருப்பு வெறுப்பின்றிக் கவனித்திருக்கும் பயிற்சியாகும். மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் கவனித்தல் அதன் எளிய வடிவம். பாளி மொழியிற் 'சதி' எனப்படுவதற்கு இவ்வாங்கிலச் சொல்லை 1881 இல் வழங்கியவர் ரைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர். அவர் இலங்கைக் குடியியற் சேவையில் உத்தியோகம் பார்த்த காலத்திலே பாளி மொழியோடு தொடர்பு கொண்டவர். பின்னர் ஜெர்மனியிற் பிறந்து இலங்கையிலே துறவு பூண்ட ஞானபொனிக தேரர் இப்பயிற்சியை விளக்கி எழுதிய ஆங்கில நூல் 1954 இல் வெளிவந்து மேனாடுகளிற் பரவியது. 1979 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே ஜோன் கபாட்-சின் என்பவர் இதனைச் சமயச் சார்பின்றி நோயாளருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கிருந்து அது பாடசாலைக்குச் சென்றது. கீழைத் தேசத்திலிருந்து ஏற்றுமதியான சரக்கு புதிய பெட்டியிலே புதிய விலையோடு திரும்பி வந்து இறங்கிய கதை இது. துறைமுகத்து மக்களுக்கு இக்கதை புதியதன்று.

தமிழுக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம் உண்டு. தமிழ்ச் செவிக்குச் 'சதி' என்றால் சூழ்ச்சி. நல்ல காலமாக, அப்பாளிச் சொல்லுக்கு வடமொழியில் இணையான 'ஸ்மிருதி' என்பதன் பொருளைத் தமிழின் 'நினைவு' முழுவதும் ஏற்றுக்கொள்கின்றது. கடந்ததை எண்ணுதலும் நினைவு. மயங்காது விழித்திருத்தலும் நினைவு. மயங்கி விழுந்தவனை 'நினைவு தப்பினான்' என்றும், தெளிந்தவனை 'நினைவு வந்தது' என்றும் கூறுவதில்லையா? ஆகவே 'நினைவோடு இருத்தல்' என்று கூறினாற் கிண்ணியாச் சந்தையில் மீன் விற்பவருக்கும் விளங்கும்.

இலங்கையில் இப்பயிற்சியைப் பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லும் முயற்சிகளுட் பெயர் பெற்றது, 2016 இல் உட எரியகம தம்மஜீவ தேரரால் தொடங்கப்பட்ட 'சதி பாசல' ஆகும். நினைவுப் பாடசாலை என்பது அதன் பொருள். அமர்ந்து மூச்சைக் கவனித்தலோடு நடத்தல், உண்ணுதல், விளையாடுதல் ஆகியவற்றையும் கவனத்தோடு செய்யப் பழக்குவது அதன் முறை. எச்சமயத்துப் பிள்ளைக்கும் பொதுவானதே தம் பயிற்சி என்று அதனை நடத்துவோர் கூறுகின்றனர். அக்கூற்றை ஐயுறக் காரணமில்லை. ஆயினும் திருகோணமலையில் இக்கூற்று எவ்வாறு செவிமடுக்கப்படும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியதொன்று.

2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எந்தவோர் இனத்தவரும் பாதித்தொகைக்கு மேற்பட்டவரல்லர். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அயல் அயலாக வாழ்கின்றனர். பிள்ளைகளோ பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் பயில்கின்றனர். ஒரு பாடசாலை தேவாரத்தோடு தொடங்கும், ஒன்று கிராஅத்தோடு தொடங்கும், மற்றொன்று பஞ்சசீலத்தோடு, இன்னொன்று செபத்தோடு. மொழியாலும் மதத்தாலும் காணியாலும் காயப்பட்ட இவ்விடத்தில் ஒரு சமயத்தாரிடமிருந்து வரும் நற்பொருளையும் மற்றவர் முதலிற் புரட்டிப் பார்த்தே வாங்குவர். "இது யாருடைய வணக்கம்?" என்று ஒரு தாய் பாடசாலை வாயிலில் நின்று கேட்பாளாயின் அது குறுகிய மனத்தின் வினா அன்று. அனுபவத்தின் வினா. அதற்கு விடை கூறாது பயிற்சியைத் தொடங்குகின்ற பாடசாலை அத்தாயின் நம்பிக்கையை இழந்துவிடும். அந்நம்பிக்கையின்றி அமைதி எங்ஙனம் வரும்?

இவ்வளவு சிக்கல் இருக்குமாயின் இதனை விட்டுவிடலாமே என்று கூறுவோரும் உண்டு. விடமுடியாமைக்குக் காரணம் இம்மாவட்டத்தின் பிள்ளைகள் சுமக்கும் பாரம். 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையை அடித்தது. 2006 ஆகஸ்ட் மாதத்திலே போரின் காரணமாக மூதூரிலிருந்து பல்லாயிரம் மக்கள் வெளியேறினர். அவ்வாண்டிலே இடம்பெயர்ந்த சம்பூர் மக்களிற் பலர் தம் காணிகளுக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. அக்காலங்களிற் பாடசாலைக் கட்டடங்களே அகதி முகாம்களாயின. பாடம் நடந்த அறையிலே அடுப்பு மூட்டப்பட்டது. போர் முடிந்த பின்னரும் துயரம் ஓயவில்லை. 2021 நவம்பர் 23 இற் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து, காலையிற் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தனர். அதன் பின் மீண்டுந் திறந்த வகுப்பறைக்குள் வெற்றிருக்கை ஒன்றைப் பார்த்துக்கொண்டு நுழைய வேண்டிய ஆசிரியரின் கையில் யாது இருந்தது? வரவுப் பதிவேடும் வெண்கட்டியும் இருந்தன. துயரத்தை ஏற்பதற்கு எப்பயிற்சியும் அவருக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லையெனின், குற்றம் அவருடையதன்று.

இன்னுமொன்று. 2004 இற் பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதைக் கடந்துவிட்டது. அப்பிள்ளைகளிற் சிலர் இன்று இம்மாவட்டத்து ஆசிரியர்கள். கரும்பலகையின் முன்னே நிற்பவரும் வாங்கிலே அமர்ந்திருப்பவரும் ஒரே அலையை வெவ்வேறு வயதிற் கண்டவர்கள். ஒருவர் கண்ணாற் கண்டார், மற்றவர் வீட்டாரின் மௌனத்தின் வழியாகக் கண்டார்.

பயிற்சியின் பயனை அறிய வெளிநாட்டுச் சான்றை மட்டும் தேடவேண்டியதில்லை. ஆழிப்பேரலையை அடுத்து வடகிழக்குக் கரையோர அகதி முகாமொன்றிலே ஜெர்மனிய உளவியலாளர் சிலர் ஓர் ஆய்வு நடத்தினர். அது 2009 இல் வெளியிடப்பட்டது. அதிர்ச்சியின் பின்னான மனநெருக்கீட்டுக்கு உட்பட்ட 31 பிள்ளைகள் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆறு அமர்வுகளிலே தம் வாழ்க்கைக் கதையைப் பிறந்த நாள் முதல் ஒழுங்காகச் சொன்னார்கள். ஆலோசகர் உடனிருந்து கேட்டார். மற்றப் பிரிவினர் ஆறு அமர்வுகளிலே மூச்சுப் பயிற்சியும் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தனர். இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது கதை சொன்னவருள் நூற்றுக்கு 81 பேரும் தியானம் பயின்றவருள் நூற்றுக்கு 71 பேரும் தேறியிருந்தனர். ஆயின் இவ்வேறுபாடு கணக்கியலிற் பொருட்படுத்தத் தக்கதன்று. இரு முறைகளும் ஒத்த பயன் தந்தன என்பதே முடிபு.

முப்பத்தொரு பிள்ளைகள் என்பது சிறு தொகை. எவ்வித உதவியும் பெறாத மூன்றாம் பிரிவினர் அவ்வாய்வில் இல்லை; ஆதலாற் காலத்தின் போக்கிலே தாமாகத் தேறியோர் எத்தனைபேர் என்று பிரித்துக் கூறவும் முடியாது. இருந்தும் அதிலிருந்து ஒரு பாடசாலை கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. மௌனமாக இருப்பது மட்டும் மருந்தன்று, சொல்லுவதும் மருந்தே. பத்து நிமிடம் கண்மூடச் செய்துவிட்டு, பின்னர் பிள்ளை வாய் திறந்தால் "பாடத்துக்கு நேரமாயிற்று" என்று தடுக்கின்ற வகுப்பறை பாதி வேலையைத்தான் செய்கின்றது.

யாருடைய வணக்கம் என்று கேட்ட தாய்க்குரிய விடையையும் இந்நாட்டு அனுபவத்திலேயே காணலாம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரினாற் பாதிக்கப்பட்டோருக்கு உடல் தளர்த்தும் பயிற்சியைக் கற்பித்தபோது ஒரே மந்திரத்தை எல்லோர்க்கும் ஓதவில்லை. சைவருக்கு ஐந்தெழுத்து, முஸ்லிமுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்குச் சரணம் என்று அவரவர் வீட்டிலே பழகியதையே பற்றுக்கோடாகக் கொள்ளச் செய்தார். இதில் ஆழ்ந்த நடைமுறை ஞானம் இருக்கின்றது. பாட்டியின் மடியிலே கேட்ட ஒலி, அச்சம் வருகின்ற வேளையில் தானாகவே நாவில் வரும். உடலின் இயல்பு மதம் அறியாது. நீண்டு மெதுவாக வெளிவிடும் மூச்சினால் இதயத் துடிப்புத் தணிவது மூதூரிலும் கந்தளாயிலும் ஒன்றே. விரும்பாத பிள்ளைக்கு எம்மந்திரமும் வேண்டாம். மூச்சை எண்ணினாற் போதும், அல்லது யன்னலுக்கு வெளியே கேட்கும் ஓசைகளை எண்ணினாலும் போதும்.

இனி, மேனாட்டார் கண்ட அனுபவம் ஒன்றையும் நோக்குதல் தகும். ஐக்கிய இராச்சியத்தில் 'மிரியாட்' என்னும் பெயரால் ஒரு பேராய்வு நடத்தப்பட்டு, அதன் முடிபுகள் 2022 இல் வெளிவந்தன. 85 பாடசாலைகள், 11 முதல் 14 வரை வயதுடைய எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் என அது விரிந்தது. நினைவுப் பயிற்சி கற்பிக்கப்பட்ட பாடசாலைகளின் மாணாக்கர், வழக்கமான சமூக, மனவெழுச்சிக் கல்வி பெற்றவரை விட மேம்பட்டவராய் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் வீட்டில் அப்பயிற்சியைச் செய்யவுமில்லை. முன்னரே உளநலக் குறைவுக்கு ஆளான பிள்ளைகளுக்கு இது பொருந்தாதிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. இம்முடிபைக் கண்டு ஆர்வலர் பலர் திகைத்தனர். பாடத்திட்டத்துக்குள் எதனையும் தள்ளிவிட்டால் அது பிள்ளைக்குச் சேர்ந்துவிடும் என்று நம்புவோர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர் போலும்.

ஆனால் அதே ஆய்வின் மற்றொரு பக்கத்தைப் பலர் வாசியாது விட்டனர். பயிற்சி பெற்ற ஆசிரியரிடையே வேலைச் சோர்வு குறைந்தது. பாடசாலையின் சூழலும் ஓரளவு மேம்பட்டது. அப்பயனும் ஓராண்டின் பின் பெரும்பாலும் தேய்ந்து போயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் வார்க்காத விளக்கு எத்தனை நாள் எரியும்?

ஆகவே திருகோணமலையில் இதனைத் தொடங்க வேண்டிய இடம் மாணாக்கரின் வாங்கு அன்று, ஆசிரியரின் நாற்காலி. நகரத்திலிருந்து விடியற்காலை பேருந்தேறித் தொலைதூரக் கிராமத்துக்குச் செல்லும் ஆசிரியையை எண்ணுக. வீட்டிற் சமையல் முடித்து, தன் பிள்ளையை அயலாரிடம் ஒப்படைத்து, நின்றபடியே பயணஞ் செய்து, கையொப்பப் புத்தகத்திற் சிவப்புக்கோடு விழுமுன் ஓடி வந்து, மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழைகின்றாள். பாடத்திட்டம் பின்தங்கி நிற்கின்றது. வலயக் கல்வி அலுவலகம் கேட்ட படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெறுபேற்றைக் குறித்துப் பெற்றோர் வினவுகின்றனர். இந்நிலையில் அவளிடம் ஒரு கைந்நூலைக் கொடுத்து, "நாளை முதல் பிள்ளைகளுக்கு அமைதி கற்பியுங்கள்" என்று பணித்தால், அவள் கற்பிக்கப் போவது அமைதியையா, அவசரத்தையா? பிள்ளைகள் ஆசிரியரின் சொல்லைக் கேட்பதற்கு முன் அவர் முகத்தைப் படிக்கின்றனர். அதில் அவர்கள் தேறாத நாளே இல்லை.

ஆசிரியர் தாமே சில மாதம் பழகட்டும். பின்னர் தமக்கு விருப்பமுள்ளவர் மட்டும் வகுப்பிற் செய்யட்டும். மூன்று நிமிடம் போதும். பாடசாலைகளில் ஏற்கெனவே நிகழும் காலை வழிபாட்டின் முடிவிலே அதனை அமைத்தாற் புதிய பாடவேளை தேவையில்லை. புதிய பெயரும் தேவையில்லை. கண்ணை மூடுமாறு வற்புறுத்தலாகாது. அலையையோ குண்டையோ கண்ட பிள்ளைக்கு மூடிய கண்ணின் இருள் அமைதி தராது. அது அக்காட்சி வந்து நிற்கும் இடமாகி விடலாம். அத்தகைய பிள்ளை தன் உள்ளங்கையையோ நிலத்தையோ பார்த்திருக்கலாம். எழுந்து வெளியே செல்லவும் இடம் வேண்டும். துன்பம் மிக்க பிள்ளையை ஆலோசனை ஆசிரியரிடமும் அங்கிருந்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அனுப்புவது ஆசிரியரின் கடமை. மூச்சுப் பயிற்சி அதற்கு ஈடாகாது. அவ்வாறே, வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லுதல் கேலிக்கூத்து. அதற்குக் கவனிக்க வேண்டியது சோறு.

எல்லாவற்றிலும் கவனமாகத் தவிர்க்க வேண்டியது ஒன்று. பிரம்பை விலக்கிய இடத்திலே தியானத்தைப் பிரம்பாக்கி விடலாகாது. குழப்பஞ் செய்தவனை மூலையில் இருத்தி "மூச்சைக் கவனி" என்று தண்டித்தால், அவன் வாழ்நாள் முழுவதும் மூச்சை வெறுப்பான். அடங்கியிருத்தல் வேறு, அமர்ந்திருத்தல் வேறு. முன்னையது ஆசிரியருக்கு வசதி. பின்னையது பிள்ளைக்கு உடைமை. வசதியை விரும்பி இதனைத் தொடங்கும் பாடசாலை தொடங்காதிருப்பதே நன்று. புள்ளிகள் கூடுமா என்று கேட்கும் பெற்றோருக்கும் வாக்குறுதி அளிக்க வேண்டாம். கூடலாம், கூடாமலும் போகலாம்; வினாத்தாளைக் கண்டு நடுங்குகின்ற கை சிறிது நடுக்கந் தணியலாம் என்ற அளவே நேர்மையோடு கூறத்தக்கது.

"என் மனம் ஓடிவிட்டது ஐயா, எனக்கு இது வராது" என்று சில பிள்ளைகள் கூறுவர். இதற்கு உவமை தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. பாடசாலையின் மேல்மாடியிலிருந்து உட்துறைமுகத்தைக் காட்டினாற் போதும். நங்கூரமிட்ட கப்பல் அசையாது நிற்பதில்லை. காற்றுக்குச் சுற்றும், நீரோட்டத்துக்கு ஆடும், சங்கிலி இழுத்தவுடன் மீளும். ஓடியதை அறிந்து மீளுகின்ற அந்தக் கணமே பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை மீளலாம். மாலுமியின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவருட் சுவாமி விபுலானந்தரும் ஒருவர். அவர் துறவி; விஞ்ஞானம் கற்றவர்; யாழ்நூல் இயற்றிய இசையறிஞர். துறவும் அறிவியலும் ஒரே அதிபர் அறையில் முரண்படாது அமர்ந்திருந்த ஊருக்கு, மூன்று நிமிட மௌனத்தை ஏற்பதில் அஞ்ச வேண்டியது யாதுமில்லை.

தொடக்கத்துக்குச் செலவு ஏதுமில்லை. பாடவேளை மாறுகின்ற மணி அடித்ததும், ஒரு வகுப்பை விட்டு மறுவகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் வாசற்படியில் அரை நிமிடம் நிற்கட்டும். முன்வகுப்பின் கோபத்தைப் படிக்கு வெளியே விட்டு, இரண்டு மூச்சு எடுத்து, அதன்பின் உள்ளே நுழையட்டும். அந்த அரை நிமிடத்தை அதிபர் தாமதம் என்று குறித்துக்கொள்ளாதிருப்பாராக.